வெல்டிங் புகை, மாங்கனீஸ், நரம்பு: ஒட்டுக்கடையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. செம்பனை ஆலையில் பிட்டராகச் சேர்ந்து, பிறகு அதே ஆலையின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன். இப்போது ஓய்வு. சாயங்காலம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனால், வெல்டர் தம்பி யாராவது அல்லது அவர் வீட்டுக்காரம்மா, வெல்டிங் புகையில் இருக்கும் மாங்கனீஸ் என்ற உலோகம் நரம்பைக் கெடுக்குமா என்ற பேச்சை எடுத்துவிடுகிறார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன், வரிசை ஒழுங்கு எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணே, நாங்க அடிக்கிறது இரும்பு. இதுல மாங்கனீஸ் எங்கேருந்து வந்துச்சு?

இரும்போடுதான் வந்தது. எஃகு உருக்கும்போது கந்தகத்தையும் பிராணவாயுவையும் கட்டுப்படுத்தவும், உறுதி கூட்டவும் மாங்கனீஸ் சேர்ப்பார்கள். மாங்கனீஸ் இல்லாத எஃகு கிட்டத்தட்ட இல்லை. சாதாரண மைல்ட் ஸ்டீலில் அது நூற்றுக்கு ஒன்று, அதை ஒட்டிய அளவு. 6013, 7018 என்ற எண்ணில் விற்கும் வெல்டிங் ராடுகளிலும் உண்டு. கம்பி தானாக ஓடிவரும் மிக் மெஷினில் போடும் 70எஸ்-6 கம்பியில் 1.4 முதல் 1.85 விழுக்காடு வரை.

"ஒன்றரை விழுக்காடுதானே" என்று கேட்காதவர் இல்லை. கணக்கு அங்கேதான் தப்புகிறது. நீங்கள் சுவாசிப்பது இரும்பை அல்ல, அதிலிருந்து எழும் ஆவி குளிர்ந்து உறைந்த துகளை. இரும்பு கொதிக்க ஏறக்குறைய 2,860 டிகிரி செல்சியஸ் வேண்டும். மாங்கனீஸுக்கு 2,060 டிகிரி போதும். ஆர்க்கின் (மின்பொறியின்) சூட்டில் மாங்கனீஸ் முந்திக்கொண்டு ஆவியாகிவிடும். ரசம் கொதிக்கும்போது முதலில் மூக்குக்கு வருவது பெருங்காயம்தானே, சட்டியில் போட்டது என்னவோ ஒரு சிட்டிகை. அப்படித்தான் இதுவும். ராடில் இருக்கும் பங்கைவிடப் புகையில் மாங்கனீஸின் பங்கு பல மடங்கு கூடுதல்.

அந்தத் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. மூக்கு முடியில் நிற்காது, சளியில் ஒட்டாது, நேராக நுரையீரலின் அடிவரைக்கும் போகும்.

தேத்தண்ணியிலயும் மாங்கனீஸ் இருக்காமே? அப்ப அது உடம்புக்கு நல்லதுதானே?

தேத்தண்ணியில் உண்டு, அரிசியில் உண்டு, கச்சானில் உண்டு. உடம்புக்கு அது வேண்டும்தான். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 2.3 மில்லிகிராம், பெண்களுக்கு 1.8 என்று சத்துணவுக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் வாய்வழி போவதற்குக் காவல் இருக்கிறது. குடல் கொஞ்சம்தான் உள்ளே விடும். உள்ளே போனதில் மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தில் கலந்து வெளியே தள்ளிவிடும்.

மூச்சுவழி போவதற்கு அந்தக் காவல் இல்லை. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வந்து, கல்லீரல் கைவைப்பதற்கு முன்பே ஒரு பங்கு மூளைக்குப் போய்விடுகிறது. "சாப்பாட்டிலேயே இருக்கு" என்று உங்கள் சூப்பர்வைசர் சொன்னால், இந்த வேறுபாட்டைக் கேளுங்கள்.

இன்னொன்று. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் மாங்கனீஸை உடம்பு கூடுதலாக உறிஞ்சும். இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. இரத்தச்சோகை உள்ளவர்கள், குறிப்பாக வெல்டிங் வேலைக்கு வந்திருக்கும் பெண்கள், அதை டாக்டரிடம் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்காகக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி நீங்களாகவே முழுங்க வேண்டாம்.

எங்க ஊர்ல யாருக்குத்தான் இது அதிகம்? கிரில் அடிக்கிறவங்களுக்குமா?

கிரில், கேட், கூரை வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் மெல்லிய இரும்பு, திறந்த இடம், விட்டு விட்டு வேலை. அவர்களிடம் நான் கவனிக்கச் சொல்வது துத்தநாகம் பூசிய குழாயை. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

மாங்கனீஸ் என்று பார்த்தால் நான் பயப்படுவது மூன்று வேலைக்கு. முதலாவது, தேய்ந்த பாகத்தைக் கட்டி எழுப்பும் வேலை. மில்லில் பிரஸ்ஸின் திருகு தேய்ந்துபோனால் கழற்றி வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்து ராடு மேல் ராடாக அடிப்பார்கள். பேக்ஹோ வாளியின் பல், ஈப்போ பக்கத்துக் கல் குவாரியில் கல் உடைக்கும் தாடை எல்லாம் இதே கதைதான். குவாரித் தாடை மாங்கனீஸ் எஃகு. 1882-இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்தது, அடிவாங்க அடிவாங்கக் கெட்டிப்படும். அதில் 11 முதல் 14 விழுக்காடு மாங்கனீஸ். அதற்கென்று விற்கும் ராடிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். 6013-இல் இருப்பதோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். கெட்டிப்பூச்சு ராடில் சிலது குரோமியம் வகை, மாங்கனீஸ் குறைவு. ஆனால் குரோமியப் புகைக்கு அதன் சொந்தக் கெடுதல் உண்டு. எது எது என்று பெட்டியைப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, டேங்கிக்குள்ளும் பாய்லருக்குள்ளும் லாரி டேங்கருக்குள்ளும் இறங்கி அடிப்பது. வெளியே காற்று அடித்துக்கொண்டு போகும் புகை உள்ளே போக இடமில்லாமல் உங்கள் முகத்தைச் சுற்றியே நிற்கும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட் பாலத்தைப் புதுப்பித்தபோது மூடிய இடத்தில் அடித்த வெல்டர்களைப் பிறகு சோதித்துப் பார்த்தார்கள். நினைவு, கைவேகம், மனநிலை எல்லாவற்றிலும் குறை தெரிந்தது. அவர்கள் முப்பது வருடம் அடித்தவர்கள் இல்லை. அந்தப் பாலத்தில் வேலை ஓரிரண்டு வருடம்தான்.

மூன்றாவது, தூள் அடைத்த கம்பி போட்டு ஓட்டும் மெஷின். வேலை வேகம், புகையும் வேகம். டிக் வெல்டிங்கில் புகை மிகக் குறைவு. ஆனால் நம் பக்கம் லாரி டிரெய்லருக்கு டிக் அடிக்கச் சொல்லி எந்தத் தவுக்கே (முதலாளி) காசு கொடுப்பார்?

ராடு பெட்டியில என்ன பார்க்கணும்?

பெட்டியோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். 2013-இல் வந்த விதிகளின்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். அதில் மூன்றாவது பிரிவில் கலவை இருக்கும். மாங்கனீஸுக்கு மலாய்ப் பெயரான "மங்கான்" என்ற சொல்லைத் தேடிப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். கடைக்காரர் "தாளெல்லாம் இல்லை" என்றால் ராடின் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள், தயாரித்தவர்களிடமே வாங்கலாம்.

உடம்புல என்னதான் செய்யும்? எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது வலியோடு வருவதில்லை. இருமலோ காய்ச்சலோ இல்லை. குணத்தில் வரும்.

முதலில் எரிச்சல். ஒன்றுமில்லாததற்குக் கோபம், சம்பந்தமில்லாமல் சிரிப்பு, டக்கென்று அழுகை. தூக்கம் கெடும், மறதி வரும், எதிலும் பிடிப்பு இருக்காது, தாம்பத்தியத்தில் ஆசை குறையும். சிலி நாட்டுச் சுரங்கங்களில் இதற்கு "மாங்கனீஸ் பைத்தியம்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். நம் தோட்டத்தில் இப்படி ஒருவர் மாறினால் என்ன சொல்வோம்? குடி என்போம், செய்வினை என்போம், வயசு என்போம். எலுமிச்சம்பழம் வெட்டிப் போடுவோம்.

அடுத்து உடம்பு. முகம் உறைந்த மாதிரி ஆகிவிடும், சிரித்தாலும் சிரித்ததாகத் தெரியாது. குரல் தணிந்து ஒரே சுரத்தில் வரும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். எழுத்து வரிக்கு வரி சின்னதாகிக்கொண்டே போகும். பின்னால் நடக்கச் சொன்னால் விழுவார். முற்றினால் நடையே மாறிவிடும்: முழங்கை மடங்கி, முதுகு நிமிர்ந்து, குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் நடப்பது. மருத்துவப் புத்தகத்தில் இதற்குச் சேவல் நடை என்று பெயர்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1837-இலேயே ஸ்காட்லாந்தில் ஜான் கூப்பர் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். கிளாஸ்கோவில் சலவைத் தூள் செய்வதற்காக மாங்கனீஸ் கல்லை அரைத்த ஆட்கள் கால் பலம் போய், முன்பக்கம் சரிந்து ஓடுவது போல் நடந்து, எச்சில் ஒழுக, குரல் மங்கி அவரிடம் வந்தார்கள். இன்று தன் பெயரில் வழங்கும் நடுக்க நோயைப் பற்றி ஜேம்ஸ் பார்க்கின்சன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதி அப்போது இருபதே வருடம்.

எங்கள் லயத்தில் ஒருவர் இருந்தார். நல்ல வெல்டர், கை அவ்வளவு சுத்தம். ஐம்பது தாண்டியதும் படிக்கட்டில் இறங்கப் பயந்தார், கோயில் கமிட்டியில் சண்டை போட்டார், சம்பளச் சீட்டில் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. அவருக்கு வந்தது மாங்கனீஸ்தான் என்று நான் சொல்லவில்லை. என்னால் சொல்ல முடியாது. நான்கு கிளினிக், ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு சாமியாடி. இவர்களில் ஒருவர்கூட "என்ன வேலை செய்தீங்க" என்று அவரிடம் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை உறுத்துவது அதுதான்.

அதற்குப் பிறகு பட்டறைப் பிள்ளைகளுக்கு நான் ஒன்று சொல்லி வருகிறேன். வருடம் ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி குறித்து மருத்துவக் கார்டோடு வையுங்கள். அது சோதனை இல்லை. ஆனால் ஐந்து வருடத் தாளை டாக்டர் முன் வரிசையாக வைத்தால், வாயால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும்.

அப்ப இதுக்குப் பேரு பார்க்கின்சன்தானே?

பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே வீடு இல்லை. பார்க்கின்சன் நோயில் மூளையின் "சப்ஸ்டான்ஷியா நைக்ரா" என்ற பகுதியில் டோபமின் சுரக்கும் அணுக்கள் செத்துப்போகின்றன. மாங்கனீஸ் பெரும்பாலும் தங்குவது "குளோபஸ் பாலிடஸ்" என்ற வேறு பகுதியில். பார்க்கின்சன் பொதுவாக ஒரு பக்கம் தொடங்கும், கை சும்மா இருக்கும்போது நடுங்கும், லெவோடோபா மாத்திரைக்கு நன்றாக இசையும். மாங்கனீஸ் நோயில் இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும், சும்மா இருக்கும்போது நடுக்கம் குறைவு, பின்பக்கம் விழுவது அதிகம், அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. செய்தாலும் நிலைக்காது.

ஏட்டில் இருப்பது இது. ஆட்கள் ஏட்டைப் பார்த்து நோய்வாய்ப்படுவதில்லை, கலந்துதான் வரும். பிரித்துச் சொல்வது நரம்பியல் நிபுணரின் வேலை.

வெல்டர் எல்லாருக்கும் வந்துடுமா? பயமுறுத்துறீங்களே.

வராது. முப்பது வருடம் அடித்துவிட்டுத் திடமாகப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். சேவல் நடை அளவுக்கு முற்றியது இன்றைக்கு அரிது. அதெல்லாம் பழைய சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் தூசி மேகம் போல் நின்ற காலம்.

ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2001-இல் அமெரிக்காவில் ஒரு குழு, பார்க்கின்சன் வந்த வெல்டர்களுக்குச் சராசரியாக 46 வயதில் நோய் தொடங்கியது, மற்ற நோயாளிகளுக்கு 63 வயதில் என்று எழுதியது. பெரிய பரபரப்பு, நீதிமன்ற வழக்குகள். பிறகு டென்மார்க்கிலும் சுவீடனிலும் பெரிய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், வெல்டர்களுக்குப் பார்க்கின்சன் நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வரவில்லை என்றார்கள். 2017-இல் 886 அமெரிக்க வெல்டிங் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வேறொரு இடத்தில் கைவைத்தது: மாங்கனீஸ் சேரச் சேர மந்தநடை, விறைப்பு போன்ற அறிகுறிகள் வருடா வருடம் கூடின. முழு நோய் என்று பெயர் வைக்க முடியாத அளவில், ஆனால் கூடின.

என் கருத்தைக் கேட்டால், பெயரை வைத்துத்தான் சண்டை. பார்க்கின்சன் நோயை வெல்டிங் உண்டாக்குகிறதா என்பது முடியாத வழக்கு. மாங்கனீஸ் புகை நரம்பைக் கெடுக்கும் என்பதில் வழக்கே இல்லை.

எங்க வீட்டுக்காரர் குடிப்பாரு. டாக்டர் எல்லாம் குடியாலதான்னு சொல்லி அனுப்பிட்டாரு.

அக்கா, குடியாலும் கை நடுங்கும், நடை தள்ளாடும், கோபம் வரும். டாக்டர் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடி இருந்தால் மாங்கனீஸ் இல்லை என்று ஆகிவிடாது. நிலைமை அதற்கு நேர் எதிர். மாங்கனீஸை வெளியே தள்ளுவது கல்லீரல் என்று மேலே சொன்னேனே, சம்சு (மலிவுச் சாராயம்) குடித்துக் கல்லீரல் சுருங்கிப்போனால் அந்த வாசல் அடைபடும். கல்லீரல் சுருக்கம் வந்தவர்களுக்கு, வெல்டிங் பக்கமே போகாதவர்களுக்குக்கூட, மூளையில் மாங்கனீஸ் படிகிறது. ஆக, குடிக்கும் வெல்டருக்கு இரண்டு பக்கமும் இடி.

திரும்பப் போங்கள். குடியை மறைக்காமல் சொல்லுங்கள், கூடவே எத்தனை வருடம் என்ன வெல்டிங் என்பதையும் சொல்லுங்கள்.

டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுறாங்க.

வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "சயா கெர்ஜா வெல்டிங், சூடா டுவா புலு தாஹுன்" (நான் வெல்டிங் வேலை, இருபது வருடமாச்சு). உட்கார்ந்த பிறகு மற்றது. ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது: எந்த வருடத்திலிருந்து, எந்த ராடு, டேங்கிக்குள் எத்தனை நாள், மாஸ்க் இருந்ததா. வீட்டுக்காரம்மா கூடப் போங்கள். குணம் மாறியது மாறியவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும்.

இரத்தம் எடுத்தா தெரிஞ்சுடுமா?

பாதிதான். இரத்தத்தில் மாங்கனீஸ் லிட்டருக்கு 4 முதல் 15 மைக்ரோகிராம் வரை இருப்பது இயல்பு. ஆனால் அது அண்மையில் சுவாசித்ததைத்தான் காட்டும். போன வருடம் டேங்கிக்குள் அடித்தது இன்றைய இரத்தத்தில் இருக்காது. இரத்தம் சரியாக இருக்கிறது என்பதற்காக மூளையும் சரி என்று எழுதிக் கொடுக்க முடியாது.

எம்ஆர்ஐ இன்னும் உதவும். மாங்கனீஸுக்குக் காந்தக் குணம் உண்டு, அது படிந்த குளோபஸ் பாலிடஸ் "டி1" படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஒரு சிக்கல்: வேலையை விட்டு ஆறு மாதம், ஒரு வருடம் போனால் அந்த வெள்ளை மங்கிவிடும். பாதிப்பு போகாது, படம் மட்டும் சுத்தமாகிவிடும். ஆகவே அறிகுறி இருப்பவர் "லீவு எடுத்து ஓய்வெடுத்துட்டுப் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுவது தன் சாட்சியைத் தானே அழிப்பது மாதிரி. பளிச்சென்று தெரிந்தாலும் அது புகை பட்டதற்குச் சாட்சிதான். நோய் வந்ததா என்பதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

வேலைய விட்டா சரியாயிடுமா?

ஆரம்பத்தில், குணமாற்றம், தூக்கம் அளவில் இருக்கும்போது விலகினால் தேறியவர்கள் உண்டு. நடை மாறிய பிறகு உறுதி சொல்ல முடியாது. தைவானில் 1980-களில் ஓர் உருக்காலையில் காற்றோட்டக் கருவி பழுதாகிக் கிடந்த காலத்தில் சிலருக்கு நோய் வந்தது. அவர்களை அந்த இடத்திலிருந்து எடுத்த பிறகும் வருடக்கணக்கில் நடை மோசமாகிக்கொண்டேதான் போனது. உலோகத்தை உடம்பிலிருந்து இழுக்கும் மருந்து ஏற்றினால் சிறுநீரில் மாங்கனீஸ் வெளியேறும், ஆனால் நடை திரும்பியது என்று எல்லோருக்கும் சொல்ல முடியவில்லை. மூலிகையால் உலோகத்தை இறக்குகிறேன் என்று உங்களிடம் எண்ணூறு வெள்ளி கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெல்டிங் அடிச்ச அன்னைக்குப் பால் குடிச்சா விஷம் முறியும்னு சொல்றாங்களே?

முறியாது. நானும் வருடக்கணக்கில் டின் பால் குடித்தவன்தான். வயிற்றுக்குப் போகும் பால் நுரையீரலில் இருக்கும் துகளை எப்படிப் பிடிக்கும்?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம். துத்தநாகம் பூசிய குழாய் அடித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்க்காய்ச்சல் வரும், வாயில் இரும்புச் சுவை, உடம்பு வலி. பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஓரிரு நாளில் அது தானாகப் போய்விடும். பேர் பாலுக்குப் போய்விட்டது. அந்தக் காய்ச்சல் வேறு, இது வேறு. மாங்கனீஸ் காய்ச்சலாக வந்திருந்தால் நமக்கு நல்லதாகப் போயிருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

குட் மோர்னிங் துண்டைக் கட்டிக்கிட்டா போதாதா? என்ன மாஸ்க் போடணும்?

துண்டு வியர்வைக்கு. இந்தத் துகளுக்கு அது வலைபோட்ட ஜன்னல். கோவிட் காலத்து நீல மாஸ்க்கும் அப்படியே, ஓரம் எல்லாம் திறந்து கிடக்கும்.

குறைந்தது என்95, முகத்தோடு ஒட்டி, வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் அடங்குகிற மாதிரி. தாடி இருந்தால் ஒட்டாது. மாலை போட்டிருக்கும் மாதம் என்றால் மற்றவரை அடிக்கவிட்டு நீங்கள் கிரைண்டிங் வேலைக்குப் போங்கள், அதுவும் மாஸ்க்கோடுதான். அதைவிட நல்லது இரண்டு பக்கமும் பில்டர் வைத்த ரப்பர் அரைமுக மாஸ்க். முதலில் காசு கூட, பிறகு பில்டர் மட்டும் மாற்றினால் போதும். பேட்டரி விசிறியோடு வரும் ஹெல்மெட் எல்லாவற்றையும்விட நல்லது, நம் வெயிலுக்கு இதமும்கூட. ஆனால் விலையைப் பார்த்தால் தவுக்கேவுக்குக் காய்ச்சல் வரும். எந்த மாஸ்க்கும் டேங்கிக்குள் பிராணவாயுவை உண்டாக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆர்கனும் கரியமில வாயுவும் உள்ளே நிறைந்தால் மாஸ்க்கோடுதான் மயங்கி விழுவீர்கள்.

மாஸ்க் கடைசி வரிசைதான். முன்வரிசை, புகையை மூக்குக்கு வரவிடாமல் செய்வது. ஆலையில் உறிஞ்சு குழாய் வாங்கித் தந்தார்கள், ஆனால் அதை மூன்றடி தள்ளி வைத்துவிட்டு "சிஸ்டம் போட்டாச்சு" என்று படம் எடுத்துக்கொண்டார்கள். உறிஞ்சுவது ஊதுவது மாதிரி இல்லை. குழாய் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் தள்ளினாலே இழுக்கும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆறங்குல வாய் என்றால் ஆர்க்கிலிருந்து ஆறங்குலத்துக்குள் வையுங்கள், வேலை நகர நகர அதையும் நகர்த்துங்கள். சலிப்பான வேலைதான்.

அதுவும் இல்லாத சின்னப் பட்டறையில் இருக்கிறது ஒரே ஆயுதம்: தலை. புகைத்தூண் மேலே ஏறும், நீங்கள் அதன் மேல் குனிந்தால் ஹெல்மெட்டுக்குள் ஏறும். வேலையை மேசையில் உயர்த்தி வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் வையுங்கள். தரையில் குத்தவைத்து அடிக்கும் நம் ஊர்ப் பழக்கம்தான் இதற்குப் பெரிய எதிரி. விசிறியை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். உடம்பில் பட்டுப் பிரியும் காற்று மார்புக்கு முன்னால் சுழன்று புகையை அங்கேயே பிடித்து வைக்கும். பக்கத்திலிருந்து மெதுவாக, புகை உங்களைத் தாண்டிப் போகிற மாதிரி வையுங்கள். மிக் அடிப்பவர்கள் விசிறியின் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் காஸ் பறந்துபோய் ஓட்டை ஓட்டையாக விழும்.

கரண்டைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருந்தாலே புகை குறையும். பெயிண்ட், கிரீஸ் இருந்தால் சுரண்டிவிட்டு அடியுங்கள்.

சட்டம் எவ்வளவு அனுமதிக்குது?

மலேசியாவில் 2000-ஆம் ஆண்டு வந்த இரசாயன விதிகளில் மாங்கனீஸுக்கு எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம். அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் சங்கமும் ஒரு காலத்தில் இதையேதான் வைத்திருந்தது. 2013-இல் நுண்துகளுக்கு 0.02 என்று பத்தில் ஒன்றாக இறக்கிவிட்டார்கள். ஆகவே "லிமிட்டுக்குள்தான் இருக்கு" என்று யாராவது ரிப்போர்ட்டைக் காட்டினால், எந்த லிமிட் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அதே விதிகள் மாங்கனீஸில் வேலை செய்பவர்களை மருத்துவக் கண்காணிப்புப் பட்டியலிலும் வைத்திருக்கின்றன. ஆபத்து உண்டு என்று மதிப்பீட்டில் வந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாமல் ஒருமுறை, தொழில் சுகாதார டாக்டரிடம், முதலாளி செலவில். 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைகூட ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை வைக்க வேண்டும். உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு எழுத்திலேயே இருக்கிறது. எழுத்தில் இருப்பதும் பட்டறையில் நடப்பதும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருப்பதை வைத்துத்தான் தொழில் பாதுகாப்பு இலாகாவில் புகார் கொடுக்க முடியும்.

சொக்சோ கிடைக்குமா?

சொக்சோ என்றால் தொழிலாளர் சமூகக் காப்புறுதி. தொழில் நோய் என்று உறுதியானால் கிடைக்கும். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் மாங்கனீஸால் வரும் நோய் பெயரோடு இருக்கிறது. தற்காலிக இயலாமைக்குத் தினச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, எம்.சி. (மருத்துவ விடுப்பு) குறைந்தது நான்கு நாள் இருக்க வேண்டும். நிரந்தர இயலாமை என்றால் மருத்துவ வாரியம் பார்த்து விழுக்காடு போடும். அது குறைவு என்று பட்டால் மேல்முறையீடு செய்யலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்து, தொழில் நோய்ப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். உங்கள் பட்டறையில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிக்கும் சொல்லுங்கள்.

சொந்தமாகக் கிரில் கடை வைத்திருப்பவர்கள் 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சட்டத்தின்கீழ் நீங்களே பதிந்துகொள்ளலாம். பழைய சம்பளச் சீட்டு, வேலை அனுமதித் தாள், டேங்கிக்குள் இறங்கக் கையெழுத்துப் போட்ட பெர்மிட் நகல் எதையும் எறியாதீர்கள். பத்து வருடம் கழித்து, மூடிப்போன கம்பெனியில் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டி வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபோது பெட்டியோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்.

வேலைத் துணிய வீட்டுத் துணியோட துவைக்கலாமா?

தனியாகத் துவையுங்கள். கிரைண்டிங் தூசியும் அதில்தான் இருக்கிறது. உதறுவதாக இருந்தால் வாசலுக்கு வெளியே, பிள்ளை இல்லாத பக்கம்.

மகன் வெல்டிங் கோர்ஸ் சேரணும்னு நிக்கிறான். விடலாமா அங்கிள்?

விடுங்கள். நல்ல தொழில், கையில் சான்றிதழ் இருந்தால் சிங்கப்பூர்வரைக்கும் கூப்பிடுவார்கள். ஆனால் புகையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். வெல்டிங் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-இல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. மாங்கனீஸ் மட்டும்தான் கணக்கு என்று நினைக்கக் கூடாது.

சேர்க்கும் முன்னால் நீங்களும் அவனோடு அந்தப் பயிற்சிக் கூடத்துக்குப் போங்கள். மெஷின் எத்தனை என்று எண்ண வேண்டாம். ஒரு பையனை ராடு அடிக்கச் சொல்லி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பாருங்கள்.